கட்டணமில்லாச் சிகிச்சையும் கணக்கில் வராச் செலவும்: தலசீமியாக் குழந்தை வளர்ப்பு – பாலக்கோடு வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தலசீமியா என்னும் மரபுவழிக் குருதி நோயுடன் பிறக்கும் குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றப்பட வேண்டும். இது வாழ்நாள் முழுவதும் தொடர்வது. அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் நாட்கூலியை நம்பி வாழும் பெற்றோரின் செலவுச்சுமை குறைவதில்லை. குழந்தை வளர வளர அது கூடுகிறது. அச்சுமை மருந்தின் விலையைக் காட்டிலும் நாட்களின் எண்ணிக்கையிலும் குழந்தையின் உடல் எடையிலுமே தங்கியுள்ளது என்பதைத் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தின் வாழ்நிலையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தலசீமியா, குழந்தை வளர்ப்பு, பாலக்கோடு, இரத்தம் ஏற்றல், சவலை, உறவுமுறைத் திருமணம், நலத்திட்டங்கள்

முன்னுரை

தருமபுரி நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள வட்டத் தலைநகர் பாலக்கோடு. தக்காளிச் சந்தையாலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் வெளியூராருக்கு அறிமுகமான பேரூர் இது. தக்காளி, கரும்பு, மா ஆகியவற்றைச் சார்ந்த வேளாண் கூலி வேலையும், ஓசூர், பெங்களூரு நகரங்களுக்குச் சென்று செய்யும் கட்டுமான, தொழிற்சாலை வேலைகளும் இவ்வட்டாரக் குடும்பங்கள் பலவற்றின் வருவாய்க்கு அடிப்படையாகின்றன. வருவாய் ஒரே சீராக வருவதில்லை. தக்காளி விலை ஏறும் வாரத்தில் பறிப்புக்கு ஆள் கிடைப்பதில்லை. விலை வீழ்ந்த வாரத்தில் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாது எனக் காயைச் செடியிலேயே விட்டுவிடுவோர் உண்டு.

நாள்பட்ட நோயுள்ள குழந்தையை வளர்க்கும் குடும்பத்தின் பொருளாதாரத்தைப் பேசுவோர் பெரும்பாலும் மருத்துவக் கட்டணத்தையே அளவாகக் கொள்கின்றனர். தமிழ்நாட்டில் அந்த அளவுகோல் உண்மையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். ஏனெனில் இங்குப் பொது மருத்துவ அமைப்பு வலுவானது. கட்டணம் என்ற தலைப்பில் குடும்பம் கொடுப்பது சில வேளைகளில் ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் குடும்பம் தளர்வது எதனால் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. தலசீமியா இவ்வினாவுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. இது திடீரென வந்து ஒரே முறை பெருந்தொகை கேட்கும் நோயன்று. சிறிது சிறிதாக, நாள் குறித்து, தவறாமல் கேட்கும் நோய்.

நோயின் இயல்பும் வெளிப்படும் பருவமும்

குருதிச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் இரண்டு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. அவற்றுள் பீட்டா சங்கிலியை உருவாக்கும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுடன் வந்து சேரும்போது பெருந்தலசீமியா தோன்றுகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குழந்தை நோய்க்கடத்தியாக இருக்குமேயன்றி நோயாளியாவதில்லை. அமெரிக்க மருத்துவர் தாமஸ் கூலி 1925இல் இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தார். தொடக்கத்தில் கண்டறியப்பட்டோர் மத்தியதரைக் கடற்பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்களாதலின், கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1930களில் இதற்குப் பெயரிடப்பட்டது. கடற்கரையே இல்லாத தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாய் இப்பெயரை முதன்முறை கேட்கும்போது, அது எந்த ஊர்ச் சொல் என்றே அவருக்கு விளங்குவதில்லை.

தேசிய நலவாழ்வு இயக்கம் 2016இல் வெளியிட்ட ஹீமோகுளோபின் குறைபாடுகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகள், இந்திய மக்கள்தொகையில் 3 முதல் 4 விழுக்காட்டினர் பீட்டா தலசீமியாவின் கடத்திகள் என்னும் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொள்கின்றன. கடத்திகளுக்குத் தாம் கடத்திகள் என்பது பெரும்பாலும் தெரியாது. சற்றே குறைந்த இரத்த அளவு தவிர வேறு அறிகுறி அவர்களிடம் இராது.

பிறந்த குழந்தையிடமும் நோய் தெரிவதில்லை. கருவில் இருந்தபோது உருவான வேறு வகை ஹீமோகுளோபின் முதல் சில மாதங்களுக்குக் குழந்தையைக் காக்கிறது. அது குறைந்து பீட்டா சங்கிலி தேவைப்படும் ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வெளிறல், பால் குடிக்க மறுத்தல், எடை ஏறாமை, வயிறு உப்புதல் என்று அறிகுறிகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. பிள்ளைத்தமிழ் மரபைக் கற்றோர்க்கு இக்காலக் கணக்கு வேறொன்றை நினைவூட்டும். பாட்டியல் வழக்கின்படி ஐந்தாம் மாதத்துச் செங்கீரை, ஏழாம் மாதத்துத் தாலம், ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்து வாரானை என இலக்கியம் குழந்தையின் அசைவுகளைக் கொண்டாடும் மாதங்களும், இந்நோய் குழந்தையின் அசைவுகளை ஒடுக்கும் மாதங்களும் ஒன்றே. தவழ வேண்டிய மாதத்தில் தவழாத பிள்ளையைக் கண்டே வீட்டுப் பெரியவர்கள் ஐயம் கொள்கின்றனர்.

சவலை, பாண்டு, இரத்தம் ஊறல்

அந்த ஐயத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர்கள் உண்டு. வெளிறி மெலிந்த குழந்தையைச் 'சவலை' என்பர். வயிறு பெருத்த குழந்தைக்குக் 'கட்டி' என்றும் 'கணை' என்றும் 'மாந்தம்' என்றும் சொல்வர். சித்த மருத்துவம் இரத்தக்குறைவைப் 'பாண்டு' என வகைப்படுத்துகிறது. குழந்தை நோய்களுக்கெனப் பாலவாகடம் என்னும் தனித்துறையே அதில் உண்டு. இப்பெயர்களை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியன்று. வெளிறலையும் வயிற்றுக் கட்டியையும் ஒரே குழந்தையிடம் சேர்த்துக் கண்ட கூரிய நோக்கு அவற்றில் உள்ளது. வயிற்றில் தட்டுப்படும் அக்கட்டி பெரும்பாலும் வீங்கிய மண்ணீரல் அல்லது கல்லீரலே. இடர்ப்பாடு பெயரில் இல்லை, பெயரைத் தொடர்ந்து வரும் பண்டுவத்தில் உள்ளது.

தமிழர் வழக்கில் இரத்தம் 'ஊறும்' பொருள். கிணற்றில் நீர் ஊறுவது போல உடலில் இரத்தம் ஊறும்; ஊறாவிடில் ஊறச் செய்யும் உணவைக் கொடுக்க வேண்டும். முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சை, மாதுளை, ஆட்டு ஈரல், அவற்றுக்கெல்லாம் மேலாகச் சுவரொட்டி. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைக்கு ஈரலும் சுவரொட்டியும் நல்ல உணவே. தலசீமியாவில் குறைவது இரும்பு அன்று. இரும்பைக் கொண்டு ஹீமோகுளோபினைக் கட்டும் ஆற்றலே அங்கு இல்லை. அத்துடன் இத்தகைய குழந்தையின் குடல், தேவைக்கு மிகுதியான இரும்பை உணவிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. எனவே ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியை வாரந்தோறும் வாங்கி வந்து சுட்டுக் கொடுக்கும் தாய், மண்ணீரல் வீங்கிய குழந்தைக்கு மேலும் இரும்பைச் சேர்க்கிறார். நோய் உறுதியான பின் மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரைகளுள் ஒன்று, இரும்பு மருந்தை நிறுத்துங்கள் என்பது. உணவுடன் தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும் என்பதும் அவ்வறிவுரையில் சேரும். இரத்தம் இல்லாத பிள்ளைக்கு ஈரலைக் கொடுக்காதே, தேநீரைக் கொடு என்பது வீட்டில் உள்ள பாட்டியின் காதில் எப்படி விழும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலான முதல் பிணக்கு பல குடும்பங்களில் இங்குதான் தொடங்கக்கூடும். அதைத் தீர்க்கும் பொறுப்பு, இரண்டு பக்கத்துச் சொற்களையும் சுமக்கும் தாயின் மேல் விழுகிறது.

மூன்று வார நாட்காட்டி

சிகிச்சையின் நோக்கம், அடுத்த இரத்தம் ஏற்றுவதற்கு முன்னரும் குழந்தையின் ஹீமோகுளோபின் 9 முதல் 10.5 கிராம் அளவுக்குக் கீழே இறங்காமல் காப்பது. இதற்கு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை சிவப்பணு ஏற்றப்பட வேண்டும். ஆண்டுக்கு இது 17 முறை ஆகிறது. ஒவ்வொரு முறையும் குழந்தையின் இரத்த மாதிரியை எடுத்து, வழங்கப்படவுள்ள இரத்தத்துடன் பொருந்துகிறதா எனச் சோதித்து, பின்னர் மெதுவாக ஏற்றுவர். ஒரு பை இறங்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். விடியலில் ஊரை விட்டுப் புறப்பட்டால் இருட்டிய பின்னரே வீடு திரும்ப முடியும். மாதிரிச் சோதனைக்கு ஒரு நாளும் ஏற்றுவதற்கு மறுநாளும் வருமாறு அமைந்தால் ஆண்டுக்கு 34 நாட்கள்.

பாலக்கோட்டுக் குடும்பம் இயல்பாக நோக்குவது 2008இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை. தொலைவு பெரிதன்று. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் வசதியும் உண்டு. நகரப் பேருந்துக்குக் காத்திருந்தால் காசு மிஞ்சும். புறநகர்ப் பேருந்தில் ஏறினால் நேரம் மிஞ்சும். இவ்வசதியின் எதிர்பாராத விளைவு ஒன்றையும் குறிப்பிடலாம். தாய் சென்றால் பயணச் செலவு இல்லை, தந்தை சென்றால் செலவும் கூலியிழப்பும் உண்டு என்னும்போது, மருத்துவமனை செல்லும் கடமை ஐயத்துக்கு இடமின்றித் தாயுடையதாகிறது. அவருடைய கூலியிழப்பு இழப்பாகவே எண்ணப்படுவதில்லை.

அவ்விழப்பை எண்ணிப் பார்க்க ஒரு கீழெல்லை தேவை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். ஒருவர் மட்டும் துணை செல்லும் 17 நாட்களுக்கு 5,423 ரூபாய். இருவர் சென்றாலோ ஒருவரே இரு நாட்கள் சென்றாலோ 10,846 ரூபாய். தக்காளிப் பறிப்பு உச்சத்தில் இருக்கும்போதும் கட்டட வேலையிலும் கூலி இதைவிட மிகுதி, இழப்பும் அவ்வாறே. தொகையைவிட நாட்களின் எண்ணிக்கையே கருத்துக்குரியது. அவ்வாண்டில் அத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு உறுதியளித்த வேலை 100 நாட்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடான நாட்களை மருத்துவமனை வராந்தா எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல், தொற்று, பரிசோதனை நாட்கள் இதில் சேர்க்கப்படவில்லை.

கூலியிழப்பினும் ஆழமானது, இடம்பெயரும் வாய்ப்பை இழத்தல். மழை பொய்த்த ஆண்டில் பெங்களூருக்கோ ஓசூருக்கோ குடும்பத்தோடு சென்று சில மாதங்கள் வேலை செய்து திரும்புவது இவ்வட்டாரம் நெடுங்காலமாக அறிந்த தற்காப்பு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அறிமுகமான இரத்த வங்கியின் முன் நிற்க வேண்டிய குடும்பத்துக்கு அது எளிதன்று. மாநில எல்லையைத் தாண்டினால் பதிவேடும் அட்டையும் புதிதாகத் தொடங்க வேண்டும். தந்தை மட்டும் செல்லலாம். அப்போது குடும்பம் இரண்டாகிறது, அடுப்பும் இரண்டாகிறது.

பள்ளியின் கணக்கும் இதுவே. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலை வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாட்களை வரையறுக்கிறது. 17 நாட்கள் இரத்தத்துக்காக மட்டும் சென்றால் நூற்றுக்கு எட்டு நாட்களுக்கு மேல் வருகை குறைகிறது. இரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய சில நாட்களில் குழந்தை சோர்ந்திருக்கும். வகுப்பில் இருந்தும் பயனில்லை. பாடங்களை மனப்பாடம் செய்யாததற்காகக் கண்டிக்கப்படும் குழந்தையின் ஹீமோகுளோபின் அன்று எவ்வளவு என்பதை வகுப்பாசிரியர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

எடை கூடுதலும் செலவு கூடுதலும்

எந்தப் பெற்றோரும் குழந்தையின் எடை கூடுவதை விரும்புவர். தலசீமியாவில் சிகிச்சையின் அளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோகிராம் எடைக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை சிவப்பணு ஏற்றப்படுகிறது. மேலெல்லையைக் கொண்டால் 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லி போதும்; அது ஒரு பைக்கும் குறைவு. 30 கிலோ எடையை எட்டும்போது 450 மில்லி, அதாவது இரண்டு பை வரை வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு 17 பை என்றிருந்தது 34 பை ஆகிறது. இரும்பகற்றும் மருந்தும் அவ்வாறே. டெஃபராசிராக்ஸ் மருந்தைக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற அளவில் கொண்டால் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமில் தொடங்கி 900 மில்லிகிராமுக்கு வந்து நிற்கிறது. சந்தையில் விலை ஒரு காசும் ஏறாவிட்டாலும் இக்குடும்பத்துக்கு மட்டும் விலை மும்மடங்காகிறது. விலைவாசிக் குறியீட்டெண் எதிலும் இந்த ஏற்றம் பதிவாவதில்லை.

இரும்பகற்றும் மருந்து ஏன் தவிர்க்க முடியாதது என்பதை இங்கு விளக்க வேண்டும். ஒவ்வொரு பை இரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உள்ளது. மனித உடலுக்கு மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி இல்லை. நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே இயல்பாகக் கழிகிறது. 20 கிலோ எடையுள்ள குழந்தை ஓராண்டில் பெறும் இரத்தத்தின் வழியாகச் சேரும் இரும்பு மூன்று கிராமை எட்டும். நலமான வளர்ந்த மனிதர் ஒருவரின் உடல் முழுவதும் உள்ள இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். இந்த இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிந்து, பருவமடைதலைத் தடுத்து, இறுதியில் இதயத்தைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தம் இன்றேல் குழந்தை சில ஆண்டுகளில் மடியும். இரத்தம் மட்டும் இருந்தால் இளமையில் மடியும் என்பதே முந்தைய தலைமுறையின் நிலை.

தொடக்கத்தில் இருந்த ஒரே மருந்தான டெஃபராக்சமைன், தோலுக்கடியில் ஊசி செருகிச் சிறு எந்திரத்தின் வழியே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுகளேனும் செலுத்தப்பட வேண்டியது. 1990களின் நடுவில் டெஃபரிப்ரோன் என்னும் வாய்வழி மருந்து இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பல மேலைநாடுகளுக்கு முன்னரே இந்தியக் குழந்தைகள் அதைப் பெற்றனர். அடுத்த பத்தாண்டில் டெஃபராசிராக்ஸ் வந்தது. ஊசி போய் மாத்திரை வந்தது பெரும் விடுதலையே. எனினும் மாத்திரைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. இரத்தம் ஏற்றாவிட்டால் குழந்தை துவள்வது ஒரு வாரத்தில் தெரியும். மாத்திரை நின்றால் பல மாதங்கள் ஒன்றும் தெரியாது. கைச்செலவைக் குறைக்க நேரும் குடும்பம் முதலில் கைவைக்கும் இடம், விளைவு கண்ணுக்குத் தெரியாத இந்த இடமாக இருப்பது இயல்பு. அரசு மருத்துவமனையில் மாத்திரை இருப்பு இல்லாத ஒரு மாதம், வெளியில் வாங்கத் தயங்கும் ஒரு மாதம் என விடுபடும் இடைவெளிகள் எவர் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையில் மட்டும் அவை தெரியவரும்.

குருதிக்கொடையாளர்

34 பை இரத்தம் என்பது 34 மனிதக் கைகள். ஆண் கொடையாளர் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண் கொடையாளர் 120 நாட்களுக்கு ஒருமுறையும் குருதி கொடுக்கலாம் என்பது விதி. ஒரே குழந்தைக்கென ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுக்கும் ஆண்கள் ஒன்பது பேர் இருந்தாலே இத்தேவை நிறையும். எந்தக் குடும்பத்துக்கும் அத்தனை மாமன், மைத்துனர், பங்காளிகள் அதே குருதி வகையில் அமைவதில்லை. எனவே பொதுவான கொடையே ஒரே வழி.

தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாளணுச் சோகை ஆகிய நோய்களுக்கு இரத்தத்தைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்பது 2014 முதல் நாடு தழுவிய நெறிமுறையாக உள்ளது. கட்டணம் இல்லை என்பதால் இரத்தம் இருக்கிறது என்று பொருளாகாது. குருதிக்கொடை முகாம்களில் பெரும்பகுதியைக் கல்லூரிகளே தாங்குகின்றன. தேர்வும் விடுமுறையும் சேரும் ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் குறைகின்றன. குழந்தையின் 21 நாள் கணக்குக்குக் கோடை விடுமுறை இல்லை. அக்காலத்தில் இருப்பு இல்லை என்ற விடை கிடைத்தால், கொடையாளரைத் தேடிச் சேர்ப்பதும் அவருடைய பயணச் செலவை ஏற்பதும் பெற்றோரின் பாடு. உதவி கேட்ட அதே மனிதர்களிடம் மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். ஊரில் ஒருவரிடம் பணம் கடன் கேட்டால் திருப்பித் தர வழியுண்டு. குருதியைக் கேட்டால் திருப்பித் தர வழியில்லை. இது பணமாக எண்ண முடியாத கடன்.

திட்டங்களின் அளவுகோல்

2009இல் தொடங்கி 2012இல் மாற்றி அமைக்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் இது பேருதவி. ஆனால் காப்பீடு என்னும் கருத்தே எதிர்பாரா நிகழ்வை மையமாகக் கொண்டது. தலசீமியாவில் எதிர்பாராதது எதுவும் இல்லை. அடுத்த செலவு எந்த நாளில் வரும் என்பது நாட்காட்டியிலேயே குறிக்கப்பட்டுள்ளது. வெளிநோயாளியாக வாங்கும் மாத்திரையும் பேருந்தும் உணவும் கூலியும் காப்பீட்டின் கண்ணில் படுவனவல்ல.

2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் தமிழ்நாட்டையும் உள்ளடக்கியது. பழங்குடி மக்களை முதன்மையாகக் கொண்ட இயக்கம் அது, வேண்டியதே. எனினும் பாலக்கோட்டுச் சமவெளிக் கிராமத்தில் உள்ள பழங்குடியல்லாத தலசீமியாக் குடும்பம் அதன் வரையறைக்குள் வருவதில்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலிலோ பீட்டா தலசீமியா மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட நோய்களுள் ஒன்றாகவே இடம்பெற்றது.

அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் முறை அது. இரத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவர இயலாது. இரும்பகற்றும் மாத்திரையைக் கொண்டுவர அதே பெண் தன்னார்வலரும் அதே பையும் போதும். நாட்களே செலவாகும் நோயில், ஒரு நாளைத் திருப்பித் தரும் திட்டம் ஒரு தொகையைத் தரும் திட்டத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

மாற்றுச் சிகிச்சை

நோயை முற்றிலும் நீக்கும் நிலைபெற்ற வழி எலும்பு மஜ்ஜை அல்லது குருதிக் குருத்தணு மாற்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986இலேயே இச்சிகிச்சையைத் தொடங்கியது. இந்தியாவில் இதன் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. திசு வகை முழுதும் பொருந்தும் உடன்பிறந்தார் இருந்தால் வெற்றி வாய்ப்பு மிகுதி. ஓர் உடன்பிறந்தார் அவ்வாறு பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரும்பு படியாத இளவயதில் செய்வதே நன்று. கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017 முதல் நடைபெறும் தலசீமியா பால் சேவா யோஜனா, தகுதியுள்ள குழந்தை ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை இதற்கு வழங்குகிறது. பெருந்தொகைக்கு வழி இருக்கிறது. எனினும் மாற்றுக்குப் பின் பல மாதங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே தூய்மையான அறையெடுத்துத் தங்கவேண்டும். கொடையாளரான மற்றொரு பிள்ளையையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாதங்களின் வாடகைக்கும் அடுப்புக்கும் பாலக்கோட்டில் உள்ள நிலத்தையோ மாட்டையோதான் குடும்பம் நோக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த குழந்தை

கடத்திகளான இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இக்கணக்கு பலரால் பிழையாகப் புரிந்துகொள்ளப்படக்கூடியது. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது என்று குடும்பம் எண்ணுகிறது. ஒவ்வொரு கருவும் தனிக் கணக்கு என்பதை எவரேனும் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் உறவுமுறையில் நிகழ்வதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகன் உறவுகளில் பெண் கொடுத்து எடுப்பது நிலத்தையும் உறவையும் காக்கும் ஏற்பாடாக இப்பகுதியிலும் நிலவிவந்தது. உறவுமுறைத் திருமணம் தலசீமியாவை உண்டாக்குவதில்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே குறைமரபணு இரு பக்கமும் இருக்கும் வாய்ப்பையே கூட்டுகிறது. உறவல்லாத இருவர் கடத்திகளாக அமைந்தாலும் விளைவு ஒன்றே. இதில் இன்னொன்றும் தெளிவாகிறது: தாயும் தந்தையும் சம பங்கு தராமல் இந்நோய் தோன்றாது. மருமகளின் பிறந்த வீட்டை மட்டும் குறை கூறும் பேச்சுக்கு மரபியலில் இடம் இல்லை.

கடத்தியைக் கண்டறிய, சிவப்பணுவின் அளவைக் காட்டும் எளிய இரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் ஏ2 அளவும் போதும். ஏ2 அளவு 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அவர் பெரும்பாலும் கடத்தி. கருவுற்ற பெண்ணின் ஹீமோகுளோபின் மட்டும் பார்க்கப்பட்டு இரும்பு மாத்திரை தரப்பட்டால், சிறுதலசீமியாவும் சாதாரண இரத்தக்குறைவும் ஒன்றாகவே தோன்றும். மாத்திரை உண்டும் அளவு ஏறாத பெண்ணை 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' எனக் கடிந்துகொள்வதோடு வாய்ப்பு கைநழுவுகிறது. கருவின் நிலையை அறியும் சோதனை 10 முதல் 12 வாரங்களுக்குள் தொடங்கப்பட வேண்டியது. பெண்ணுக்குச் சோதனை, பின் கணவனுக்குச் சோதனை, பின் பெருநகரப் பயணம் என்னும் வரிசையை அக்காலத்துக்குள் முடிக்க, திருமணத்துக்கு முன்னரோ கருவுறுவதற்கு முன்னரோ சோதனை நடந்திருக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குப் பின்

மருந்தும் இரத்தமும் ஒழுங்காகக் கிடைத்த குழந்தை இன்று வளர்ந்து, படித்து, வேலை தேடும் வயதை எட்டுகிறது. முன்பு எழாத வினாக்கள் இப்போது எழுகின்றன. குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறும்போது, பெயர் சொல்லி அழைத்த செவிலியரையும் நரம்பு எங்கே கிடைக்கும் என்றறிந்த கைகளையும் விட்டுச் செல்ல நேர்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு தரும் வேலையையும் தேட வேண்டியுள்ளது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளுள் தலசீமியாவும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு எனச் சான்று பெற்றவர், அச்சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உயர்கல்வியில் 5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு உரியவர். அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசு வேலையில் 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. அதற்குரியனவாகப் பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு முதலானவற்றை வரிசைப்படுத்துகிறது. குருதி நோய்கள் அவ்வரிசையில் இல்லை. பாலக்கோட்டிலிருந்து பதினெட்டு ஆண்டுகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேருந்தேறி வளர்த்த பிள்ளை, கல்லூரியில் சேரும்போது மாற்றுத்திறனாளி. பட்டம் பெற்று அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒதுக்கீட்டில் அவருக்கு இடமில்லை.